சிமுலேஷனில் எந்த உள்ளீடு முடிவை ஆட்டுகிறது? முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்களிடம் ஒரு சிமுலேஷன் இருக்கிறது. அதற்குள் பத்து இருபது உள்ளீடுகள். அவற்றில் பாதிக்கு மேல் சரியான மதிப்பு யாருக்கும் தெரியாது; இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்ற அளவில்தான் தெரியும். முடிவைக் காட்டியதும் வரும் முதல் கேள்வி, "இதில் எதை மாற்றினால் உங்கள் விடை மாறும்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்லும் வேலைக்கு உணர்திறன் பகுப்பாய்வு என்று பெயர்.

இதற்கான சூத்திரங்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைத்துவிடும். எந்த வரிசையில் செய்வது, எத்தனை ரன் ஆகும், எங்கே காலை வாரிவிடும் என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. நான் அதைத் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பேச வசதியாக ஒரு தொற்றுநோய் சிமுலேஷனை எடுத்துக்கொள்வோம். 20 உள்ளீடுகள், ஒரு ரன்னுக்கு 6 நிமிடம், கையில் 16 கோர் உள்ள ஒரு கணினி. உங்களுடையது பாலமாகவோ பேட்டரியாகவோ இருந்தாலும் படிகள் இவைதான்.

1. எந்த வெளியீடு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"மாடலில் எது முக்கியம்?" என்று கேட்டால் விடை கிடைக்காது. எதற்கு முக்கியம் என்று சொல்ல வேண்டும். மருத்துவமனையில் ஒரே நாளில் அதிகபட்சம் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது ஒரு வெளியீடு. அந்த உச்சம் எத்தனையாவது நாளில் வரும் என்பது வேறொரு வெளியீடு. முதலாவதை ஆட்டிவைப்பது, தொற்றியவர்களில் எத்தனை சதவீதம் பேர் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்ற உள்ளீடாக இருக்கலாம். இரண்டாவதற்கு அந்த உள்ளீட்டால் துளியும் பாதிப்பு இல்லாமல் போகலாம். ஒரே மாடல், ஒரே ரன், இரண்டு வெவ்வேறு தரவரிசை.

ஆகவே ஒவ்வொரு ரன்னும் கடைசியில் ஒரே ஓர் எண்ணைத் தர வேண்டும். அப்படிப்பட்ட எண்கள் இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள். ரன் செலவு ஒன்றுதான், பகுப்பாய்வை மட்டும் தனித்தனியாகச் செய்யலாம். முழு வெளியீட்டுக் கோப்பையும் சேமிக்க நினைத்தால் ஆயிரக்கணக்கான ரன்களில் வட்டு நிரம்பிவிடும்.

2. உள்ளீட்டு அட்டவணை: இங்கே அவசரப்படாதீர்கள்

இந்த வேலைக்கு வேண்டிய ஆவணம் என்று ஒன்றைத்தான் சொல்வேன் என்றால், அது இந்த அட்டவணைதான். ஒரு வரிக்கு ஓர் உள்ளீடு. பெயர், அலகு, குறைந்தபட்சம், அதிகபட்சம், பரவலின் வடிவம் (அந்த எல்லைக்குள் எந்த மதிப்புக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது), அந்த எல்லை எங்கிருந்து வந்தது, யார் உறுதி செய்தார், எந்தத் தேதியில் என்று எட்டு பத்திகள் போதும்.

ஏன் இதற்கு இவ்வளவு அழுத்தம்? நீங்கள் அடுத்து எந்த முறையைப் பயன்படுத்தினாலும், ஓர் உள்ளீட்டின் செல்வாக்கு இரண்டு விஷயங்களால் ஆனது: மாடல் அதற்கு எவ்வளவு அசைகிறது, நீங்கள் அதை எவ்வளவு தூரம் அசைக்கிறீர்கள். இரண்டாவதைத் தீர்மானிப்பது இந்த அட்டவணை. எல்லை தப்பாக இருந்தால் மேலே எவ்வளவு நல்ல புள்ளியியல் போட்டாலும் தரவரிசை தப்பாகத்தான் வரும்.

பலரும் விழும் குழி, எல்லா உள்ளீட்டுக்கும் கூட்டல் கழித்தல் 10 சதவீதம் என்று போட்டுவிடுவது. நம் உதாரணத்தில் நோயரும்பு காலம் ஓரளவு நன்றாகத் தெரிந்த அளவு என்று வைத்துக்கொள்வோம். தொற்றியவர்களில் எத்தனை பங்கு பேர் பதிவாகிறார்கள் என்பதோ 0.1 முதல் 0.6 வரை எதுவாகவும் இருக்கலாம். அதன் நடு மதிப்பை 0.3 என்று வைத்து 10 சதவீதம் அசைத்தால் 0.27 முதல் 0.33 வரைதான் போகும். உங்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்த உள்ளீடு, "செல்வாக்கு இல்லை" என்ற பட்டியலில் போய் உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது குழி, பல மடங்கு விரியும் வீதங்கள். ஒரு வீதம் 0.001 முதல் 1 வரை இருக்கலாம் என்று வையுங்கள். சீரான பரவலில் மாதிரி எடுத்தால் சுமார் 90 சதவீதப் புள்ளிகள் 0.1-க்கு மேலேயே விழும். கீழே உள்ள 0.001–0.01, 0.01–0.1 என்ற இரண்டு இடைவெளிகளைச் சிமுலேஷன் கிட்டத்தட்ட பார்க்கவே பார்க்காது. இப்படிப்பட்டதை மடக்கை அளவில் எடுங்கள். மூன்று இடைவெளிக்கும் சம பங்கு கிடைக்கும்.

மூன்றாவது, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் உள்ளீடுகள். கீழே வரும் முறைகள் உள்ளீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கின்றன. பரவல் வீதத்தையும் தொற்று நீடிக்கும் நாட்களையும் தனித்தனியாக இழுத்தால், நடைமுறையில் நடக்கவே நடக்காத ஜோடிகள் வரும். இதற்குப் பெரும்பாலும் எளிய வழி உண்டு: பரவல் வீதத்துக்குப் பதிலாக ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்ற எண்ணை உள்ளீடாக வையுங்கள். அதை நாட்களால் வகுத்துப் பரவல் வீதத்தை நிரலுக்குள்ளேயே கணக்கிட்டுக்கொள்ளலாம். அப்படி மாற்றி எழுத முடியாவிட்டால், ஒட்டியவற்றை ஒரே குழுவாக வைத்து குழுவுக்கு ஒரு குறியீடு (செல்வாக்கைச் சொல்லும் எண்) கணக்கிடலாம். அதுவும் போதாதென்றால் ஷாப்லி விளைவுகள் என்ற முறை இருக்கிறது. செலவு அதிகம், முதல்முறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக, அட்டவணையில் "போலி" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 0 முதல் 1 வரை மாறும், மாடல் எங்குமே பயன்படுத்தாத உள்ளீடு. இதன் பலன் எட்டாம் படியில் தெரியும்.

நேரத்தைப் பொறுத்தவரை, நாட்காட்டியில் அதிக நாட்களை விழுங்குவது இந்தப் படிதான். எல்லைகளைச் சொல்ல வேண்டியவர்கள் பதில் அனுப்ப நாளாகும். முதல் நாளே கேட்டுவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் தற்காலிக எல்லைகளை வைத்து மூன்றையும் நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ரன் கணக்கு போடாமல் எதையும் தொடங்காதீர்கள்

உள்ளீடுகளின் எண்ணிக்கை k என்று வைத்துக்கொள்வோம். போலியைத் தற்போதைக்கு விட்டுவிட்டு k = 20.

முக்கியமில்லாத உள்ளீடுகளை வடிகட்டும் மோரிஸ் முறைக்கு r × (k + 1) ரன். r என்பது எத்தனை பாதைகள் என்பது (பாதை என்றால் என்ன என்று ஐந்தாம் படியில் வரும்); 20 எடுத்தால் 20 × 21 = 420 ரன். ஒரே கோரில் 42 மணி நேரம், 16 கோரில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும்.

ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் எத்தனை பங்கு என்று சொல்லும் சோபோல் குறியீடுகளுக்கு N × (k + 2) ரன். N என்பது எத்தனை அடிப்படைப் புள்ளிகளிலிருந்து தொடங்குகிறோம் என்பது; அதை 1024 என்று வைத்தால் 22,528 ரன். ஒரே கோரில் சுமார் 94 நாள். 16 கோரிலும் ஆறு நாள் இடைவிடாமல் ஓட வேண்டும்.

இதனால்தான் இரண்டு கட்டமாகச் செய்யச் சொல்கிறேன். மோரிஸை வைத்து 20-ஐ 6 ஆக வடிகட்டிவிட்டால், சோபோலுக்கு 1024 × 8 = 8,192 ரன். 16 கோரில் சுமார் 51 மணி நேரம், ஒரு வார இறுதியில் முடிந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பைத்தானில் பலரும் பயன்படுத்தும் சாலிப் (SALib) நூலகம், நீங்கள் சொல்லாவிட்டாலும் இரண்டாம் நிலைக் குறியீடுகளையும் (இரண்டிரண்டு உள்ளீடுகள் சேர்ந்து செய்யும் வேலையின் பங்கு) சேர்த்துக் கணக்கிடும். அப்போது ரன் எண்ணிக்கை N × (2k + 2) ஆகிவிடும். 22,528 இருந்த இடத்தில் 43,008. தேவையில்லை என்றால் அந்த விருப்பத்தை அணைத்துவிடுங்கள். மாதிரி எடுக்கும் வரியிலும் பகுப்பாய்வு வரியிலும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அணைக்க வேண்டும்.

"எதற்கு இவ்வளவு? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் 41 ரன்னில் முடியுமே" என்று தோன்றும். அடிப்படை மதிப்பில் நின்றுகொண்டு ஒவ்வோர் உள்ளீட்டையும் மேலும் கீழும் தள்ளிப் பார்க்கும் முறை அது. இரண்டு உள்ளீடுகள் சேர்ந்து மாறினால் என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. பார்க்கும் இடமும் மிகக் குறைவு. 10 உள்ளீடுகள் இருந்தால், அந்தப் புள்ளிகள் எல்லாம் உள்ளீட்டு மதிப்புகளின் மொத்த வெளிக்குள் பொருந்தும் ஒரு கோளத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கோளத்தின் கன அளவு மொத்த வெளியில் 0.25 சதவீதம்தான். நிரலில் பிழை இருக்கிறதா என்று பார்க்க அந்த முறை நல்லது. செல்வாக்கை அளக்க உதவாது.

4. சின்னதாக ஒரு வெள்ளோட்டம்

எல்லா உள்ளீடும் குறைந்தபட்சத்தில் ஒரு ரன், எல்லாம் அதிகபட்சத்தில் ஒரு ரன், அப்புறம் சீரற்ற முறையில் எடுத்த ஒரு 30 புள்ளிகள். அரை நாளில் முடியும் இந்த வேலை மூன்று விஷயங்களைச் சொல்லிவிடும்.

முதலாவது, எத்தனை ரன் பாதியில் விழுகிறது. சோபோலில் விழுந்த ரன் பெரிய தலைவலி. ஓர் அடிப்படைப் புள்ளியோடு சேர்ந்த k + 2 ரன்களில் ஒன்று போனாலும் அந்தத் தொகுப்பு முழுவதையும் ஒதுக்க வேண்டியிருக்கும். வெற்றிடத்தில் பூஜ்யத்தையோ சராசரியையோ போட்டு நிரப்பாதீர்கள். குறியீடுகள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். விழும் இடத்தை இப்போதே கண்டுபிடித்து, மாடலையோ எல்லையையோ சரிசெய்யுங்கள்.

இரண்டாவது, உண்மையான ரன் நேரம். அடிப்படை மதிப்பில் 6 நிமிடம் ஓடுவது ஓர் ஓரத்தில் 40 நிமிடம் ஓடலாம். மூன்றாம் படிக் கணக்கில் வெள்ளோட்டத்தின் சராசரியைப் போடுங்கள்.

மூன்றாவது, மாடலுக்குள் சீரற்ற எண்கள் இருந்தால் அவை மட்டும் எவ்வளவு ஆட்டுகின்றன என்பது. உள்ளீடு எதையும் மாற்றாமல் சீடை (சீரற்ற எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) மட்டும் மாற்றி 30 முறை ஓட்டுங்கள். வெளியீட்டின் மொத்த ஆட்டத்தில் இது கணிசமான பங்கு என்றால், ஒவ்வொரு புள்ளியையும் சில சீடுகளில் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். ரன் எண்ணிக்கை அத்தனை மடங்காகும். எல்லா ரன்னுக்கும் ஒரே சீடைப் போட்டுவிட்டால் இரைச்சல் மறைந்தது போல இருக்கும். ஆனால் வரும் விடை அந்த ஒரு சீடுக்கு மட்டுமே சொந்தம்.

5. மோரிஸ் முறையில் வடிகட்டுங்கள்

மேக்ஸ் மோரிஸ் 1991-இல் கொடுத்த முறை. ஒவ்வோர் உள்ளீட்டின் எல்லையையும் 0 முதல் 1 வரை சுருக்கி, அதை நான்கு படிகளாகப் பிரிக்கிறோம். எங்கோ ஒரு புள்ளியில் தொடங்கி ஒரு நேரத்தில் ஓர் உள்ளீட்டை மட்டும் 2/3 அளவு நகர்த்துகிறோம். வெளியீடு எவ்வளவு மாறியது என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்தே அடுத்த உள்ளீட்டை நகர்த்துகிறோம். 20 உள்ளீடும் நகர்ந்தால் ஒரு பாதை முடிந்தது. இப்படி r பாதைகள், ஒவ்வொன்றும் வேறு இடத்திலிருந்து.

ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் கடைசியில் பார்க்க வேண்டியவை இரண்டு. மாற்றங்களின் தனிமதிப்புச் சராசரி, அதாவது மியூ ஸ்டார், மொத்தச் செல்வாக்கைச் சொல்கிறது. மாற்றங்களின் திட்ட விலக்கமான சிக்மா, அந்தச் செல்வாக்கு இடத்துக்கு இடம் மாறுகிறதா என்று சொல்கிறது. மியூ ஸ்டாரோடு ஒப்பிட சிக்மாவும் பெரிதாக இருந்தால், அந்த உள்ளீடு நேர்கோட்டில் வேலை செய்யவில்லை அல்லது வேறோர் உள்ளீட்டோடு சேர்ந்து வேலை செய்கிறது.

குறியோடு எடுக்கும் சாதாரண மியூவை வைத்து எதையும் ஒதுக்காதீர்கள். ஓர் இடத்தில் கூட்டியும் இன்னோர் இடத்தில் குறைத்தும் விளையாடும் உள்ளீட்டுக்கு மியூ பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். மியூ ஸ்டார் வந்ததே இதைச் சரிசெய்யத்தான்.

எந்த இடத்தில் கோடு போட்டு வெட்டுவது? நிலையான சதவீதம் எதுவும் கிடையாது. மியூ ஸ்டாரைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, பெரிய இடைவெளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிறகு வேறு சீடில் இன்னொரு 420 ரன் ஓட்டுங்கள். இரண்டிலும் கீழேயே கிடப்பவற்றைத் தைரியமாக ஒரு நியாயமான மதிப்பில் நிறுத்தி வைக்கலாம். சந்தேகம் இருந்தால் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் உள்ளீட்டைக் கூடுதலாக வைத்தால் அடுத்த கட்டத்தில் 1,024 ரன் கூடும், அவ்வளவுதான். தவறாக வெளியேற்றினால் அது திரும்பி வர வழியே இல்லை.

உள்ளீடு எண்ணாக இல்லாமல், சில தெரிவுகளில் ஒன்று என்று வகையாக இருந்தால், அதற்கு 2/3 அளவு நகர்த்துவது என்பதற்கு அர்த்தமில்லை. அதை மோரிஸில் மதிப்பிடாமல் நேராக அடுத்த படிக்குக் கொண்டுபோங்கள்.

6. சோபோல் குறியீடுகளால் பங்கு பிரியுங்கள்

இப்போது கேள்வி, வெளியீட்டின் மொத்த ஆட்டத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பது. ஆட்டத்தை அளப்பது வேரியன்ஸ், அதாவது விலக்க வர்க்கச் சராசரி.

முதல்நிலைக் குறியீடு சொல்வது: இந்த ஓர் உள்ளீட்டின் உண்மை மதிப்பு தெரிந்துவிட்டால், வேரியன்ஸில் சராசரியாக எத்தனை பங்கு குறையும். மொத்தக் குறியீடு சொல்வது: மற்ற எல்லாம் தெரிந்து இது ஒன்று மட்டும் தெரியாமல் இருந்தால், எத்தனை பங்கு மிச்சமிருக்கும். அடுத்து எதை அளக்கப் பணம் செலவழிப்பது என்று முடிவெடுக்க முதல்நிலையைப் பாருங்கள். எதை நிறுத்தி வைக்கலாம் என்பதற்கு மொத்தக் குறியீட்டைப் பாருங்கள். முதல்நிலை பூஜ்யம் என்று ஓர் உள்ளீட்டைத் தூக்கிப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. உங்கள் மாடலைத் தொடுவதற்கு முன் இஷிகாமி சார்பை அதே நிரலில் போட்டு ஓட்டுங்கள்:

y = sin x₁ + 7 sin² x₂ + 0.1 x₃⁴ sin x₁

மூன்று உள்ளீடும் −π முதல் π வரை சீராக மாறும். இதற்குச் சரியான விடை கணக்கிலேயே தெரியும். முதல்நிலை 0.31, 0.44, 0. மொத்தம் 0.56, 0.44, 0.24. மூன்றாவது உள்ளீட்டைப் பாருங்கள்: தனியாக அதற்குப் பங்கே இல்லை, ஆனால் முதல் உள்ளீட்டோடு சேர்ந்து கிட்டத்தட்ட கால்வாசி வேரியன்ஸுக்குக் காரணமாக இருக்கிறது. இரண்டாவதற்கு இரண்டு எண்ணும் ஒன்றே. அது யாரோடும் சேராமல் வேலை செய்கிறது. உங்கள் நிரல் இந்த ஆறு எண்களைத் தராவிட்டால் உங்கள் மாடலுக்கும் சரியான எண்களைத் தராது. இந்தச் சோதனைக்குச் சில நொடிகள்தான் ஆகும்.

சரி, உண்மையான ரன்னுக்கு வருவோம். N-ஐ 512, 1024, 2048 என்று இரண்டின் அடுக்காகவே வையுங்கள். மாதிரி எடுக்கப் பயன்படும் சோபோல் வரிசையின் புள்ளிகள் சமமாகப் பரவுவது அந்த எண்ணிக்கைகளில்தான். 1000 என்று முழு எண்ணாக வைக்க ஆசைப்படாதீர்கள். ரன்களைப் பல கோரில் பிரித்து ஓட்டினால் முடிவுகள் வரிசை மாறி வந்து சேரும். ஒவ்வொரு ரன்னுக்கும் ஓர் எண் கொடுத்து, பகுப்பாய்வுக்கு முன் அந்த எண்படி அடுக்குங்கள். வரிசை கலைந்தால் நிரல் பிழை எதுவும் காட்டாது. தவறான குறியீடுகளை அமைதியாகத் தந்துவிடும்.

வெளியீட்டில் மிகப் பெரிய மதிப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால், வேரியன்ஸ் முழுவதையும் அந்த நாலைந்து ரன்களே நிரப்பிவிடும். மடக்கை எடுத்து மறுபடி கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். தரவரிசை மாறினால் இரண்டையுமே அறிக்கையில் சொல்ல வேண்டும்.

7. ஒரு ரன்னுக்கே மணிக்கணக்கில் ஆனால்

8,192 ரன் கனவிலும் நடக்காது என்றால் எமுலேட்டர் கட்டுங்கள். உங்கள் சிமுலேஷனைச் சில புள்ளிகளில் மட்டும் ஓட்டி, அதைப் போலவே விடை தரும் வேகமான ஒரு புள்ளியியல் மாடலை உருவாக்குவது இது. தெரிந்த புள்ளிகளை வைத்து மற்ற இடங்களில் விடையை ஊகிக்கும் காஸியன் பிராசஸ் இதற்கு நல்ல தொடக்கம். புள்ளிகளை 1979-இல் மெக்கே, பெக்மன், கோனோவர் மூவரும் கொடுத்த லத்தீன் ஹைப்பர்க்யூப் முறையில், அதாவது ஒவ்வோர் உள்ளீட்டின் எல்லையையும் துண்டுகளாக்கி எல்லாத் துண்டிலிருந்தும் ஒரு மதிப்பு வரும்படி, எடுங்கள். ஓர் உள்ளீட்டுக்குப் பத்து ரன் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொடக்கக் கணக்கு; 6 உள்ளீட்டுக்கு 60. கூடவே சோதிக்க மட்டும் தனியாக 20.

அந்த 20-ஐ எமுலேட்டருக்குக் காட்டவே கூடாது. கற்ற புள்ளிகளில் காஸியன் பிராசஸ் கிட்டத்தட்ட எப்போதும் சரியாகத்தான் சொல்லும். அதைப் பார்த்து மகிழ்ந்து பயனில்லை. காட்டாத 20 புள்ளிகளில் வெளியீட்டின் ஆட்டத்தில் 90 சதவீதமாவது அது பிடிக்காவிட்டால் இன்னும் ரன் சேர்ப்பேன். பிடித்துவிட்டால் ஆறாம் படியை எமுலேட்டர் மேல் நடத்தலாம். லட்சம் ரன்னும் நிமிடங்களில் முடியும்.

வேறு காரணத்துக்காக ஓட்டிய பழைய ரன்கள் குவிந்து கிடந்தால், அவை எல்லை முழுவதும் சீரற்றுப் பரவியிருக்கும் பட்சத்தில், தரப்படுத்திய தொடர்புப்போக்குக் கெழுக்களை, அதாவது வெளியீட்டுக்கு ஒரு நேர்கோட்டு மாடலைப் பொருத்தினால் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் வரும் எடைகளை, இலவசமாகப் பார்க்கலாம். அந்த நேர்கோட்டு மாடலின் ஆர் ஸ்கொயர் (வெளியீட்டின் ஆட்டத்தில் அது விளக்கும் பங்கு) 0.7-க்குக் கீழே போனால் அந்தக் கெழுக்களை நம்ப வேண்டாம்.

8. வந்த எண்களைச் சோதியுங்கள்

ஒவ்வொரு குறியீட்டுக்கும் பூட்ஸ்ட்ராப் நம்பிக்கை இடைவெளி எடுங்கள். கையில் உள்ள ரன்களிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து, குறியீடு எவ்வளவு முன்பின் போகலாம் என்று பார்ப்பது இது. சாலிப்பும் ஆர் மொழியின் சென்சிட்டிவிட்டி பேக்கேஜும் இதைத் தரும். மூன்றாவது உள்ளீடு 0.18, நான்காவது 0.15, இரண்டின் இடைவெளியும் 0.06 என்றால் அவற்றை வரிசைப்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை. சமம் என்றே எழுதுங்கள்.

போலி உள்ளீட்டின் குறியீட்டைப் பாருங்கள். உண்மையில் பூஜ்யமாக இருக்க வேண்டியது அது. முதல்நிலையில் அது 0.02 காட்டினால், 0.02 காட்டும் வேறெந்த உள்ளீட்டையும் இரைச்சலிலிருந்து பிரிக்க முடியாது. மோரிஸிலும் இதே கதைதான்: சீரற்ற மாடலில் போலியின் மியூ ஸ்டார் எவ்வளவோ, அதுதான் உங்கள் தரை மட்டம்.

−0.01 போன்ற சிறிய எதிர்மறை எண் வந்தால் பயப்பட வேண்டாம், மதிப்பீட்டின் இரைச்சல் அது. −0.2 வந்தால் N போதவில்லை, அல்லது மேலே சொன்ன வரிசைக் குழப்பம். முதல்நிலைகளின் கூட்டல் 1-ஐத் தெளிவாகத் தாண்டினாலும் அப்படித்தான். சாராத உள்ளீடுகளில் அது நடக்கக் கூடாது. கூட்டல் 0.6 என்றால் தவறில்லை, மிச்ச 0.4 உள்ளீடுகள் சேர்ந்து செய்யும் வேலை.

நேரம் இருந்தால் N-ஐ இரட்டித்து ஓட்டுங்கள். முதல் மூன்று இடங்கள் அசையாமல் நின்றால் போதும்.

9. அறிக்கையோடு எதையெல்லாம் இணைப்பது

இரண்டாம் படியின் அட்டவணையை முழுவதுமாக முதல் இணைப்பாக வையுங்கள். எல்லைகளைப் பார்க்காமல் உங்கள் தரவரிசையை யாராலும் மதிப்பிட முடியாது. அடுத்து முறையின் பெயர், r அல்லது N, மொத்த ரன், விழுந்த ரன், சீடுகள், நூலகத்தின் பதிப்பு எண். குறியீடுகளை நம்பிக்கை இடைவெளியோடும், போலி உள்ளீட்டின் வரியோடும் கொடுங்கள். மோரிஸில் நிறுத்தி வைத்த உள்ளீடுகளையும் அவற்றை நிறுத்திய மதிப்பையும் தனிப் பட்டியலாகப் போடுங்கள். பிறகு யாராவது ஓர் எல்லையை மாற்றச் சொன்னால் எந்தப் படியிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: நிறுத்தி வைத்த உள்ளீடு என்றால் மோரிஸிலிருந்து, மற்றவை என்றால் சோபோலிலிருந்து.